தேடுபொறிகளும் தமிழ் இணையப் பக்கங்களும்

முன்னுரை

சி.வை. தாமோதரம் பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த வரலாற்றைத் தமிழ் பயிலும் மாணவர் அனைவரும் அறிவர். செல்லுக்கும் நெருப்புக்கும் இரையான நூல்கள் ஒருபுறம் இருக்க, அழியாது எஞ்சிய நூல்களும் வீட்டுப் பரண்களிலும் மடங்களின் பெட்டகங்களிலும் முடங்கிக் கிடந்தன. எந்த ஏடு எவரிடம் உள்ளது, அதனுள் அமைந்த பொருள் யாது என்று உரைக்கும் குறிப்பு இன்மையால், இருந்த நூல்களும் கற்றோர்க்கு இல்லாத நூல்களாகவே ஆயின.

இற்றைநாளில் கல்லூரிகள் பலவும் இணையதளங்களை அமைத்துள்ளன. கருத்தரங்கக் கட்டுரைகளும் சிறப்பு மலர்களும் ஆய்வேடுகளும் அவற்றில் ஏற்றப்படுகின்றன. ஆயினும், அப்பொருள் பற்றி அறிய விழையும் ஒருவர் தேடுபொறியில் உரிய சொல்லைத் தட்டெழுதும்போது இவற்றுட் பல அவர் கண்முன் வருவதில்லை. பரணில் கிடந்த ஏட்டின் நிலையே இவற்றின் நிலையுமாகும்.

இக்குறையை நீக்கும் நெறிமுறைகளை 'சர்ச் எஞ்சின் ஆப்டிமைசேஷன்' என்றும், சுருக்கமாக 'எஸ்.இ.ஓ.' என்றும் வழங்குவர். தமிழில் இதனைத் தேடுபொறி உகப்பாக்கம் எனலாம். இது வணிகர்க்கு மட்டுமே உரிய விளம்பரக் கலை என்பது பலருடைய எண்ணம். நூலாசிரியன் படிப்போனுக்கு ஆற்ற வேண்டிய கடமைகளையே இத்துறை பெரிதும் வலியுறுத்துகிறது என்பதனையும், தமிழ்ப் பக்கங்கள் மறைந்து கிடப்பதற்குரிய தனிக் காரணங்களையும், அவற்றைப் போக்கும் வழிகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேடுபொறிகளின் தோற்றம்

சுவிட்சர்லாந்தின் ஜெனிவா நகரை ஒட்டி அமைந்த செர்ன் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ, 1989ஆம் ஆண்டில் வையவிரிவு வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். 1993ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அதன் தொழில்நுட்பம் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்துமாறு பொதுவில் விடப்பட்டது. பக்கங்கள் பெருகின, பெருகவே, வேண்டியதைக் கண்டெடுத்தல் அரிதாயிற்று.

வலைக்கு முன்னரே, 1990ஆம் ஆண்டில், கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் என்பார் உருவாக்கிய 'ஆர்ச்சி' என்னும் கருவி கோப்புகளின் பெயர்களைத் தேடித் தந்தது. 1994இல் ஜெரி யாங், டேவிட் ஃபைலோ ஆகிய இருவரும் தொடங்கிய 'யாகூ', இணையதளங்களை மனிதரைக் கொண்டு பொருள்வாரியாக வகுத்த ஒரு பட்டியலாகும். 1995இல் தோன்றிய 'ஆல்டாவிஸ்டா', பக்கங்களில் அமைந்த சொற்கள் அனைத்தையும் கணிப்பொறியே படித்துத் தொகுக்கும் முறையைப் பரவலாக்கியது. ஆயின் ஒரு சொல்லுக்குப் பல்லாயிரம் பக்கங்கள் கிடைத்தபோது, அவற்றுள் எதனை முதலில் காட்டுவது என்னும் வினா எழுந்தது.

இவ்வினாவுக்குச் சிறந்ததொரு விடையை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களான லாரி பேஜ், செர்கே பிரின் ஆகியோர் கண்டனர். அவர்கள் 1998ஆம் ஆண்டில் நிறுவிய கூகுள், இன்று உலகில் பெரும்பாலோர் பயன்படுத்தும் தேடுபொறியாகத் திகழ்கிறது. யாகூவின் பட்டியல் 2014இலும், ஆல்டாவிஸ்டா 2013இலும் மூடப்பட்டன.

தேடுபொறி இயங்கும் முறை

தேடுபொறியின் செயலை மூன்று படிகளாகப் பகுத்துக் காணலாம். அவை ஊர்தல், அடைவாக்கல், வரிசைப்படுத்தல் என்பனவாம்.

'சிலந்தி' எனப்படும் நிரல் ஒரு பக்கத்திலுள்ள இணைப்புகளைப் பற்றிக்கொண்டு அடுத்த பக்கத்திற்கும், அங்கிருந்து பிறிதொரு பக்கத்திற்கும் செல்லுதல் ஊர்தலாகும். எந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்புப் பெறாத பக்கம், வழியில்லாத ஊர் போன்றது. சிலந்தி அங்குச் செல்வது அரிது.

கண்ட பக்கத்தின் சொற்களைத் தொகுத்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் எவ்விடத்தில் உள்ளது எனப் பதிந்து வைத்தல் அடைவாக்கலாகும். சங்க நூற் பதிப்புகளின் இறுதியில் பாட்டு முதற்குறிப்பு அகராதியும் அரும்பத அகராதியும் அமைந்திருத்தலைக் கண்டிருப்போம். ஒரு நூலுக்குப் பதிப்பாசிரியர் செய்த அப்பணியைத் தேடுபொறி உலகின் பக்கங்களுக்கெல்லாம் சேர்த்துச் செய்கிறது. நாம் ஒரு சொல்லைத் தட்டெழுதும்போது அது அந்நொடியில் இணையம் முழுவதையும் சுற்றி வருவதில்லை. முன்னரே ஆக்கி வைத்த அடைவைப் புரட்டியே விடை தருகிறது. எனவே அடைவில் இடம்பெறாத பக்கம் எத்துணைச் சிறந்ததாயினும் விடையில் தோன்றாது.

அடைவிலுள்ள பக்கங்களுள் வினவியவர்க்கு மிகவும் பயன்படுவது எது எனத் துணிந்து முறைப்படி நிறுத்துதல் மூன்றாம் படியாகும். பக்கத்தின் பொருள், அதன் தலைப்பு, பிறர் அதற்குத் தந்த இணைப்புகள், வினவியவரின் மொழி, இடம் எனப் பல கூறுகள் இதில் கருதப்படுகின்றன.

ஒரு பக்கத்தைச் சிலந்தி எளிதில் அடையச் செய்தல், அடைவில் செவ்வையாகப் பதியச் செய்தல், தகுதிக்கேற்ற இடம் பெறச் செய்தல் ஆகிய இம்மூன்றுமே உகப்பாக்கத்தின் பணிகளாகும். பணம் கொடுத்துப் பெறும் விளம்பர இடம் இவற்றின் வேறானது என்பதும் ஈண்டு அறியத்தக்கது.

பாயிர மரபும் பக்கத் தலைப்பும்

நூலுக்குப் பாயிரம் இன்றியமையாதது என்பது நம் இலக்கணிகளின் கொள்கை. நூலை இயற்றியவர் யாவர், அதற்கு இட்ட பெயர் யாது, அது நுவலும் பொருள் யாது, யார் கேட்டற்குரியது, கேட்டலாற் பெறும் பயன் யாது என்பன போன்றவற்றைச் சிறப்புப் பாயிரம் உரைத்தல் வேண்டும் எனப் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்துரைத்தார். தேடுபொறி ஒரு பக்கத்திடம் எதிர்பார்ப்பனவும் ஏறத்தாழ இவையே.

இணையப் பக்கத்தின் மூல நிரலில் 'டைட்டில்' என்னும் தலைப்புக் கூறு உண்டு. தேடல் விடைகளில் பெரிய எழுத்தில் தோன்றுவது பெரும்பாலும் இதுவே. நம் தளங்கள் பலவற்றில் இவ்விடத்தில் 'முகப்பு' என்றோ 'கட்டுரை 7' என்றோ 'புதிய பக்கம்' என்றோ மட்டும் காணப்படுதல் உண்டு. 'சீறாப்புராணத்தில் உவமைகள்' என்னும் கட்டுரைக்கு அப்பெயரே தலைப்புக் கூறாக அமைந்திருப்பின், சீறாப்புராணம் பற்றித் தேடும் மாணவர் அதனைக் காண வாய்ப்புண்டு. 'கட்டுரை 7' எனின் அக்கட்டுரையை அறிந்தவரன்றிப் பிறர் காணுதல் அரிது.

தலைப்பினை அடுத்து, இரண்டொரு தொடர்களில் பக்கத்தின் பொருளைச் சுருக்கி உரைக்கும் விளக்கக் குறிப்பு ஒன்றும் நிரலில் அமைதல் வேண்டும். இது வரிசையை நேரே உயர்த்துவதன்று. ஆயினும் விடைப் பட்டியலைக் காண்பவர் இப்பக்கம் தமக்கு உரியதா எனத் துணிவதற்குத் துணைபுரியும். முன்னாளில் முதன்மைச் சொற்களை நிரலில் அடுக்கி வைக்கும் வழக்கமும் இருந்தது. அச்சொற்பட்டியலைத் தன் வரிசைப்படுத்தலில் தான் கருதுவதில்லை எனக் கூகுள் 2009ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது.

கட்டுரையினுள் முதன்மைத் தலைப்பும் துணைத் தலைப்புகளும் உரிய நிரற் குறிகளுடன் அமைதல் வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கிய அளவில் அது தலைப்பு ஆகிவிடாது. காண்டம், படலம், செய்யுள் என நூல் பகுக்கப்படுவது போலப் பக்கத்தின் பகுப்பும் கணிப்பொறி உணருமாறு அமைதல் வேண்டும். பக்கத்திலுள்ள படங்களுக்கு, அவை எதனைக் காட்டுகின்றன எனச் சொல்லும் மாற்றுரை எழுதுதலும் நன்று. இம்மாற்றுரை தேடுபொறிக்கு மட்டுமன்றி, திரையைப் படித்துக் காட்டும் கருவியின் துணைகொண்டு கற்கும் பார்வையற்ற மாணவர்க்கும் பெரிதும் பயன்படும்.

எழுத்துருச் சிக்கல்

மேற்கூறியவை எம்மொழிக்கும் பொது. தமிழுக்கே உரிய தடை ஒன்று உண்டு. கண்ணுக்குத் தமிழாகத் தோன்றுவது கணிப்பொறிக்குத் தமிழாக இராமை என்பதே அது.

தமிழ் இணையத்தின் தொடக்கக் காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தத்தமக்கென ஒரு குறியீட்டு முறையை வகுத்துக்கொண்டது. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் எழுத்தின் வடிவங்களை வரைந்து வைத்தலே அம்முறைகளுட் பலவற்றின் அடிப்படை. எடுத்துக்காட்டாக, 'பாமினி' எழுத்துருவில் 'தமிழ்' என்னும் சொல்லை எழுதினால், கணிப்பொறியின் நினைவில் பதிவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் ஆகும். எழுத்துருவை நீக்கிவிட்டால் பொருளற்ற அவ்வெழுத்துகளே எஞ்சும். தேடுபொறி எழுத்துருவைக் காண்பதில்லை, குறியீட்டையே காண்கிறது. ஆகவே அப்பக்கத்தில் 'தமிழ்' என்னும் சொல்லே இல்லை என அது முடிவு செய்வதில் வியப்பில்லை.

இக்குழப்பத்தைப் போக்க அறிஞர் பெருமக்கள் பெரிதும் உழைத்தனர். சிங்கப்பூரைச் சேர்ந்த நா. கோவிந்தசாமி தமிழ் இணையத்தின் முன்னோடியாக விளங்கினார். 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் நிகழ்ந்தன. சென்னை மாநாட்டினைத் தொடர்ந்து 'டாம்', 'டாப்' என்னும் குறியீட்டு முறைகள் தமிழ்நாட்டரசின் ஏற்பினைப் பெற்றன. உலக மொழிகள் அனைத்திற்கும் தனித்தனி இடம் வகுத்த யூனிகோடு என்னும் ஒருங்குறி முறையில் 1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. 2010ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசும் ஒருங்குறியை ஏற்றது. இன்று தேடுபொறிகளும் கைப்பேசிகளும் தமிழை அறிவது இம்முறையின் வழியாகவே.

எனினும் அச்சகங்களில் மலர்கள் பழைய எழுத்துருக்களிலேயே கோக்கப்படுதல் இன்றும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. அக்கோப்பினைப் பி.டி.எஃப். ஆக்கி அப்படியே தளத்தில் ஏற்றினால், திரையில் தமிழ் அழகுறத் தோன்றும். ஆனால் தேடலில் அகப்படாது. அச்சிட்ட பக்கங்களை ஸ்கேன் செய்து ஏற்றுதல் பிறிதொரு வழக்கம். இவ்வாறு ஏற்றப்படுவது எழுத்தன்று, எழுத்தின் நிழற்படம். ஒளிவழி எழுத்துணரி கொண்டு தேடுபொறி அதனைப் படிக்க முயலக்கூடுமேனும், பழைய அச்சு, மங்கிய தாள், சிதைந்த எழுத்து ஆகியவற்றில் பிழைகள் மலியும். எழுத்துணரி தந்த பாடத்தை மனிதர் மெய்ப்புப் பார்த்துத் திருத்தி வெளியிடுதலே உறுதியான வழியாகும். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் கு. கல்யாணசுந்தரம், குமார் மல்லிகார்ச்சுனன் ஆகியோர் முயற்சியால் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பால் இலக்கியங்களை இவ்வாறு எழுத்து வடிவிலேயே அளித்து வருகின்றது. பழந்தமிழ்ப் பாடலின் ஓர் அடியைத் தேடுவோர்க்கு அத்தளத்தின் பக்கம் பெரும்பாலும் கிடைப்பதற்கு இதுவே காரணம்.

ஒருங்குறியில் எழுதும்போதும் விழிப்பு வேண்டும். 'ஔவையார்' என்பதில் முதலெழுத்து 'ஔ' என்னும் ஓரெழுத்தாகும். பலர் 'ஒ' என்பதனையும் 'ள' என்பதனையும் அடுத்தடுத்துத் தட்டி 'ஒளவையார்' என எழுதிவிடுகின்றனர். காலைக் குறிக்கும் 'ா' என்னும் குறிக்கு மாற்றாக 'ர' என்னும் எழுத்தை இடுதலும் உண்டு. அச்சில் இவ்வேறுபாடு புலப்படாது; அடைவில் இவை வெவ்வேறு சொற்களாகவே பதியும். தேடுபொறி சிலபொழுது பிழையை உய்த்துணர்ந்து திருத்திக்கொள்ளும். அதனை நம்பி எழுத்துப்பிழையை விட்டுவைத்தல் தமிழ்த்துறைக்கு அழகன்று.

சொல் வடிவங்களும் தேடுவோர் வழக்கும்

ஒரே பொருளைப் பலர் பல வடிவில் எழுதுவர். 'இஸ்லாமியத் தமிழ் இலக்கியம்' என்பதனை 'இசுலாமியத் தமிழிலக்கியம்' என்று எழுதுவாரும் உளர். குணங்குடியாரின் பெயர் மஸ்தான் சாகிபு என்றும், மஸ்தான் சாஹிப் என்றும், மத்தான் சாகிபு என்றும் வழங்கும். 'உமறுப்புலவர்' எனச் சேர்த்தும் 'உமறுப் புலவர்' எனப் பிரித்தும் எழுதக் காண்கிறோம். தமிழ் ஒட்டுநிலை மொழியாதலின் 'நூலகம்' என்னும் சொல் நூலகத்தில், நூலகத்திற்கு, நூலகங்களை எனப் பல்வேறு உருவம் கொள்ளும்; புணர்ச்சியால் இரு சொற்கள் ஒன்றாகி நிற்றலும் உண்டு.

இந்நிலையில் செய்யத்தக்கன சில உள. பக்கத்தின் தலைப்பில் பெருவழக்கான வடிவத்தைப் பயன்படுத்துதல் வேண்டும். தலைப்பிலும் முதற் பத்தியிலும் முதன்மைச் சொல் வேற்றுமை உருபு ஏலாது இயல்பாய் நிற்கும் இடம் ஒன்றேனும் இருத்தல் நன்று. பெயருக்கு வேறு வடிவங்கள் உளவாயின், 'இன்னவாறும் வழங்கப்பெறுவர்' என ஒரு தொடரில் அவற்றைச் சுட்டலாம். உரோமன் எழுத்தில் தட்டெழுதித் தேடும் இளையோரும், அயல்நாடுகளில் வாழும் தமிழரும் பலர் ஆதலின், ஆசிரியர் பெயரையும் நூற்பெயரையும் அவ்வெழுத்திலும் ஓரிடத்தில் தருதல் பயனுடைத்து. இவை கலைக்களஞ்சியம் தொகுப்போர் 'காண்க' எனக் குறிப்பு எழுதும் மரபைச் சேர்ந்தவை; தேடுபொறிக்கென வலிந்து புகுத்தியவை அல்ல.

மேலும், தேடுவோர் எத்தகைய வினாவோடு வருகின்றனர் என்பதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 'உமறுப்புலவர்' என மட்டும் தேடும் பள்ளி மாணவர்க்கு வரலாற்றுக் குறிப்பு வேண்டும். 'சீறாப்புராணம் விலாதத்துக் காண்டம் உரை' எனத் தேடுபவர்க்குப் பாடலும் பொருளும் வேண்டும். இருவர்க்கும் ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் திணிப்பதினும், தனித்தனிப் பக்கங்கள் அமைத்து அவற்றை ஒன்றோடொன்று இணைத்தல் சிறந்தது.

இணைப்பும் மேற்கோள் மரபும்

பேஜும் பிரினும் கண்ட 'பேஜ்ரேங்க்' என்னும் முறை, ஆய்வுலகின் மேற்கோள் வழக்கத்தை அடியொற்றியது. ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பிற அறிஞர் பலர் எடுத்துக்காட்டுவராயின் அதன் மதிப்பு உயரும். அங்ஙனமே ஒரு பக்கத்திற்குப் பிற பக்கங்கள் தரும் இணைப்பு ஒரு சான்றாகக் கொள்ளப்படும். சான்றுகளின் தொகை மட்டும் கருதப்படுவதில்லை. சான்றளிப்பவரின் தகுதியும் கருதப்படும்.

நம் உரையாசிரியர்களின் பணியை நினைவுகூர்ந்தால் இதன் ஆற்றல் நன்கு விளங்கும். முழுநூலும் கிடைக்காத வளையாபதியின் பாடல்கள் சில இன்று நமக்குக் கிடைத்திருப்பது, புறத்திரட்டு என்னும் தொகைநூலும் உரையாசிரியர்களும் அவற்றை எடுத்தாண்டதனாலன்றோ? பிறரால் சுட்டப்பட்டது நிலைபெற்றது.

தமிழ்த் தளங்களிடையே இவ்வழக்கம் மிகக் குறைவாக உள்ளது. பிறர் எழுதியதைப் படியெடுத்துத் தம் பக்கத்தில் இட்டுக்கொள்வோர் பலர். மூலப் பக்கத்தைச் சுட்டி இணைப்புத் தருவோர் சிலர். ஒரு கல்லூரியின் தமிழ்த்துறை மற்றொரு துறையின் கட்டுரையை எடுத்துக்காட்டும்போது, அப்பக்கத்திற்கு இணைப்புத் தருதல் அறமும் ஆகும். இருபாலார்க்கும் பயனும் ஆகும். இணைப்பின் சொற்களும் பொருளுடையனவாக இருத்தல் வேண்டும். 'இங்கே சொடுக்குக' என்பதினும் 'சீறாப்புராணத்தில் உவமைகள்' என்னும் சொற்களின்மேல் அமைந்த இணைப்பே, அப்பால் உள்ளது யாது என்பதனைப் படிப்போர்க்கும் பொறிக்கும் ஒருங்கே உணர்த்தும்.

விலக்கத்தக்க குற்றங்கள்

நூலுக்குரிய குற்றங்கள் பத்து என நன்னூல் கூறும். அவற்றுட் சில தேடுபொறிகளாலும் குற்றமெனக் கொள்ளப்படுவது வியப்பிற்குரியது. ஒரு சொல்லைப் பக்கம் முழுதும் பயனின்றித் திரும்பத் திரும்ப அடுக்குதல் 'கூறியது கூறல்' ஆகும். தேடப்படும் சொல்லைத் தலைப்பில் இட்டுவிட்டு உள்ளே வேறொன்றைப் பேசுதல் 'மற்றொன்று விரித்தல்' ஆகும். பிறர் எழுத்தைப் படியெடுத்துப் பக்கங்களைப் பெருக்குதல் 'வெற்றெனத் தொடுத்தல்' என்பதன்பாற் படும். 2011ஆம் ஆண்டில் கூகுள் நடைமுறைப்படுத்திய 'பாண்டா' என்னும் மாற்றம் உள்ளீடற்ற பக்கங்களையும், 2012இல் வந்த 'பெங்குவின்' என்னும் மாற்றம் போலி இணைப்புகளையும் பின்னுக்குத் தள்ளின.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. தேடுபொறிக்கு ஒரு பக்கமும் மனிதர்க்கு வேறொரு பக்கமும் காட்டிய காரணத்தால் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் செருமானியத் தளம் 2006ஆம் ஆண்டு பிப்ரவரியில் கூகுளின் அடைவிலிருந்து நீக்கப்பட்டது; குறை களையப்பட்ட பின்னரே மீண்டும் சேர்க்கப்பட்டது. அமெரிக்க வணிக நிறுவனமான ஜே.சி. பென்னி ஆடை, படுக்கை விரிப்பு முதலிய பல சொற்களுக்கு விடைகளில் முதலிடம் பெற்றிருந்தது. தொடர்பற்ற தளங்கள் பலவற்றில் பரப்பி வைக்கப்பட்ட ஏராளமான இணைப்புகளே அதற்குக் காரணம் என்பதனை 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளிப்படுத்தியது. அந்நிறுவனம் தனக்கும் அவ்விணைப்புகளுக்கும் தொடர்பில்லை என மறுத்தது. எனினும் கூகுள் மேற்கொண்ட நடவடிக்கையால், பயணப் பெட்டி பற்றிய ஒரு தேடலில் முதலிடத்தில் இருந்த அதன் பக்கம் இரண்டு மணி நேரத்தில் 71ஆம் இடத்திற்குச் சென்றது.

'முதலிடம் வாங்கித் தருகிறோம்' எனக் கட்டணம் கேட்டு வருவோரிடம் கல்வி நிறுவனங்கள் விழிப்புடன் இருத்தல் வேண்டும். முதலிடத்திற்கு எவரும் உறுதியளிக்க இயலாது எனக் கூகுளே அறிவுறுத்துகிறது.

கைப்பேசியும் விரைவும்

மாணவர் பெரும்பாலோர் இணையத்தைக் காண்பது கைப்பேசியில்தான். கைப்பேசியில் எளிதில் படிக்கத்தக்க பக்கங்களுக்கு முன்னுரிமை தரும் முறையைக் கூகுள் 2015இல் கொணர்ந்தது. கணிப்பொறித் திரைக்குரிய வடிவை விடுத்துக் கைப்பேசி வடிவையே முதன்மையாகக் கொண்டு அடைவாக்கும் முறைக்கு மாறிய பணி நிறைவுற்றதென 2023இல் அறிவித்தது. பக்கத்தின் முதன்மைப் பகுதி இரண்டரை நொடிக்குள் திரையில் தோன்றுதல் நன்று என்பதும் அதன் அளவுகோல்களுள் ஒன்று. பல மெகாபைட் அளவுள்ள நிழற்படங்களையும் ஓடும் எழுத்துகளையும் முகப்பில் நிரப்புதல் இதற்குத் தடையாகும்.

பக்கங்களின் முகவரி அடிக்கடி மாறாமையும் இன்றியமையாதது. தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய முகவரிகளைக் கைவிட்டால், பல்லாண்டுகளாகப் பிறர் தந்த இணைப்புகள் யாவும் அறுந்துபோகும். பழைய முகவரிக்கு வருவோரைப் புதியதற்கு நிலையாக மடைமாற்றும் வசதியைத் தள மேலாளரிடம் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

செயற்கை நுண்ணறிவின் வருகை

2024ஆம் ஆண்டு மே திங்களில் அமெரிக்காவிலும், அவ்வாண்டு ஆகஸ்டில் இந்தியாவிலும், பக்கங்களின் பட்டியலுக்கு மேலாகச் செயற்கை நுண்ணறிவு தொகுத்துரைக்கும் விடையைக் கூகுள் காட்டத் தொடங்கியது. உரையாடும் கருவிகளிடமே நேரில் வினவுவோர் தொகையும் பெருகியுள்ளது. இதனால் உகப்பாக்கத்தின் தேவை அற்றுவிட்டதெனக் கருதுதல் பொருந்தாது. அக்கருவிகள் இணையத்தில் படிக்கத்தக்க வடிவில் உள்ள எழுத்துகளைக் கற்றும் தேடியுமே விடை கூறுகின்றன. ஒரு புலவரைப் பற்றித் தமிழறிஞர் ஆராய்ந்து எழுதிய கட்டுரை நிழற்படமாய் முடங்கிக் கிடக்க, ஆராயாது எழுதிய குறிப்பு எழுத்து வடிவில் இருக்குமாயின், நாளைய மாணவர்க்கு விடையாகச் செல்வது எது? பிழையான ஆண்டும் பிழையான பாடமும் பரவியபின் அவற்றைக் களைதல் அரிது. அறிந்தோர் தம் எழுத்தைக் காணத்தக்க வகையில் வைக்காமையின் இழப்பு அவரோடு நிற்பதன்று. கற்போரைச் சென்று சேர்வது.

துறைகள் மேற்கொள்ளத்தக்க பணிகள்

பெரும்பொருட் செலவின்றி, மாணவரும் ஆசிரியரும் கூடிச் செய்யத்தக்க பணிகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

1. மலர் முழுவதையும் ஒரே கோப்பாக ஏற்றுவதோடு அமையாது, கட்டுரை ஒவ்வொன்றையும் தனிப் பக்கமாக ஒருங்குறியில் வெளியிடுதல்.

2. ஒவ்வொரு பக்கத்திலும் கட்டுரைத் தலைப்பு, ஆசிரியர் பெயர், மலரின் பெயர், வெளிவந்த ஆண்டு, நான்கு வரிச் சுருக்கம் ஆகியவற்றைத் தருதல்.

3. துறையின் முகப்பிலிருந்து கட்டுரைகள் அனைத்திற்கும் செல்லும் பொருளடக்கப் பக்கம் ஒன்றை அமைத்தல். பொறிகள் படித்தற்குரிய தளவரைபடக் கோப்பையும் உடன் அளித்தல்.

4. பழைய எழுத்துருவில் உள்ள கோப்புகளை மாற்றி நிரல் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றி, மெய்ப்புப் பார்த்தல். இளங்கலை மாணவர்க்கு இது சிறந்த பதிப்புப் பயிற்சியும் ஆகும்.

5. கூகுள் கட்டணமின்றி வழங்கும் 'சர்ச் கன்சோல்' கருவியில் தளத்தைப் பதிந்து, எப்பக்கங்கள் அடைவில் ஏறின, எச்சொற்களால் படிப்போர் வந்தனர் என்பவற்றைத் திங்கள்தோறும் ஆராய்தல்.

6. ஊர்ச் சான்றோர் இல்லங்களில் உள்ள பழைய நூல்கள், இதழ்கள் ஆகியவற்றின் பட்டியலையேனும் உரியவர் இசைவுடன் எழுத்து வடிவில் வெளியிடுதல். நூலை ஏற்ற இயலாதவிடத்தும் அது இருக்கும் செய்தி பிறர்க்குத் தெரியவரும்.

இவற்றின் பயன் ஒரே நாளில் விளைவதன்று. புதிய பக்கம் அடைவில் ஏறச் சில நாள்களோ வாரங்களோ ஆகும். தகுதிக்குரிய இடம் பெறத் திங்கள் பல ஆகலாம். ஆண்டுதோறும் இடைவிடாது செய்யப்படும் பணியே நிலைக்கும்.

முடிவுரை

தேடுபொறி உகப்பாக்கம் என்பது பொறியை ஏமாற்றும் தந்திரமன்று. பொருளைத் தெளிவுற எழுதுதல், அதற்குத் தக்க பெயரிடுதல், முறைப்பட வகுத்தல், பிறர் பணியைச் சுட்டுதல், பிழையற்ற எழுத்தில் அளித்தல் என்னும் ஆசிரியக் கடமைகளே அதன் உள்ளீடு என்பது மேற்கண்ட ஆய்வால் தெள்ளிதின் விளங்கும். தேடுபொறிகள் மாறலாம், இன்றிருப்பவை மறைந்து வேறு தோன்றலாம். இக்கடமைகளைச் செவ்வனே ஆற்றிய பக்கம் எப்பொறி வரினும் காணப்படும்.

பதிப்பாசிரியர்கள் ஏட்டினின்று அச்சுக்குக் கொணர்ந்த செல்வத்தை, அச்சினின்று இணையத்திற்குக் கொணரும் பொறுப்பு இத்தலைமுறையினுடையது. நம்மிடம் உள்ள பழைய மலர் ஒன்றின் ஒரேயொரு கட்டுரையைத் தேர்ந்து, உரியவர் இசைவு பெற்று, ஒருங்குறியில் எழுதி, தக்க தலைப்பிட்டு வெளியிடுதல் ஒரு மாணவரால் ஒரு வாரத்தில் இயலும் செயலே. துறைதோறும் ஆண்டுக்கு இருபது கட்டுரைகள் இவ்வாறு வெளிவருமாயின், தமிழில் தேடுவோர் வெறுங்கையோடு திரும்பும் நிலை படிப்படியாகக் குறையும். மாணவர் முன்வருக, ஆசிரியப் பெருமக்கள் வழிகாட்டுக, சான்றோர் தம் இல்லத்து நூல்களை உவந்து அளித்துத் துணைநிற்க.